ஃபார்மட் அடித்தும் வராத படம்

"சார், கம்ப்யூட்டருக்கு உசுரு போயிடுச்சு. கெளம்பி வாங்க."

போனில் இப்படிச் சொன்னவர் அரியலூர் தங்கராசு அண்ணன். சொந்தமாக ஒரு டிப்பர் லாரி வைத்துக்கொண்டு சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் அடிப்பவர். நான் அப்போது பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். அரியலூருக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. அன்று வெள்ளிக்கிழமை, கடையில் திறந்துபோட்ட கேபினெட்டுகள் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன. நாளைக்கு வருகிறேன் என்றேன்.

"இன்னைக்கு மூணு மணிக்குள்ள சரியாவணும் சார். இல்லன்னா என் வூட்டுல இன்னொரு உசுரும் போயிடும்."

எல்லா கஸ்டமரும் இதைத்தான் சொல்வார்கள். பொண்ணு பார்க்க வருகிறார்கள், பரீட்சை இருக்கிறது, மாமனார் வந்திருக்கிறார் என்று ஏதாவது ஒன்று. முணுமுணுத்துக்கொண்டே அரியலூர் பஸ் ஏறினேன்.

இன்றைக்கு சர்வீஸுக்கு வருகிற தம்பிகளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இப்போது எதைச் செருகினாலும் அது தானாக வேலை செய்கிறது. அன்றைக்கு அப்படி இல்லை. சவுண்டுக்கு ஒரு டிரைவர், நெட் வருகிற லேனுக்கு ஒரு டிரைவர், கேமராவுக்கு ஒரு டிரைவர். அந்த சாஃப்ட்வேரைப் போட்டால்தான் விண்டோஸுக்கு அந்தப் பொருள் இன்னதென்றே தெரியும். அது ஒரு சிடியில் வரும். சிடியைத் தொலைத்தால் நம் பிழைப்பு நாறிப்போகும். ஜனங்கள் டிவி வாங்கிய அட்டைப்பெட்டியைப் பத்து வருஷம் பரணில் காப்பாற்றுவார்கள், சிடியை மட்டும் ஒரு மாதம் வைத்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் போய் ஆன் செய்தேன். ஐகான் எல்லாம் அப்பளம் சைஸில் தெரிந்தன. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் வரிசையாக மஞ்சள் கேள்விக்குறி. வீடியோ இல்லை, சவுண்டு இல்லை, லேன் இல்லை.

"யாருண்ணே ஃபார்மட் அடிச்சது?"

"நம்ம பிரௌசிங் சென்டர் பிரபு. படம் வரலன்னு கூப்புட்டேன். வந்தான், உக்காந்தான், அடிச்சிட்டான். சிடி கெடச்சா சொல்லுங்கன்னுட்டுப் போயிட்டான்."

உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது: அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான் வைத்தியம். தலைவலி என்று வந்தவனுக்கு மொட்டை அடித்து அனுப்புகிற கதை.

"சரி, சிடி எங்க?"

"ரெண்டு சிடியும் வண்டில இருக்கு சார். வண்டி லோடுக்குப் போயிருக்கு. மத்தியானம் வந்துரும்."

டிரைவர் சிடிக்கு லாரியில் என்ன வேலை என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். சமையற்கட்டு வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. கண் கொட்டாமல் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன். அசையவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அவளுக்குக் காது கேக்காது சார்," என்றார் தங்கராசு அண்ணன். "என் சம்சாரம். அஞ்சலை. பொறந்ததுலேருந்தே பேச்சும் இல்ல."

தண்ணீரை அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டு மீதியைச் சொன்னார். ஒரே மகன் சுரேஷ், மஸ்கட்டில் வெல்டர். போனில் பேசினால் அம்மாவுக்குக் கேட்காது. கடிதம் போட்டால் படிக்கத் தெரியாது. அதனால்தான் கம்ப்யூட்டரும் கேமராவும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. அவன் அங்கே ஒரு பிரௌசிங் சென்டரில் வந்து உட்காருவான், அம்மா இங்கே உட்காருவார். இருவரும் கையாலேயே பேசிக்கொள்வார்கள்.

"அவங்க பேசுறது எனக்கே பாதி புரியாது சார். சிரிச்சுக்குவாங்க, சண்ட போட்டுக்குவாங்க. போன வெள்ளிக்கிழம அவன் மூஞ்சி இங்க நல்லாத் தெரிஞ்சுது. இவ கேக்குறா, கேக்குறா, அவன் பதிலே சொல்லல. எங்கயோ பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கான். அம்மா தெரியல, ஒரே செவப்பா இருட்டா இருக்குன்னு எனக்கு போன் பண்றான். அத இவளுக்கு எப்புடி வெளக்குறது? வெல்டிங்ல புள்ளைக்குக் கண்ணு போயிடுச்சுன்னு முடிவே பண்ணிட்டா. அப்பறம் பிரபு வந்தான். புள்ள மூஞ்சியும் போயிடுச்சு. நான் மறைக்கிறேன்னு சொல்லி என்னையப் போட்டு அடிக்கிறா சார். பச்சத்தண்ணி பல்லுல படல."

"போட்டோ எதாவது அனுப்பச் சொல்லலாமே?"

"போட்டோவுல கண்ணு தெரியுதா இல்லையான்னு எப்புடி சார் தெரியும்? நாளைக்கு அவன பாலைவனத்துல ஏதோ சைட்டுக்கு அனுப்புறாங்க. நெட்டே கெடையாதாம். திரும்பி வர மாசக்கணக்குல ஆவும்."

அதற்குமேல் எனக்கு முணுமுணுக்கத் தோன்றவில்லை. கேபினெட்டைக் கழற்றினேன். உள்ளே சுண்ணாம்புத் தூசி பவுடர் டப்பாவைக் கொட்டியதுபோல் படிந்திருந்தது. ஊதித் துடைத்து, டார்ச் அடித்து, மதர்போர்டில் இருந்த லேன் சிப்பின் நம்பரைக் குறித்துக்கொண்டேன். இதிலும் ஒரு கொடுமை உண்டு. லேன் டிரைவர் நெட்டில் இருக்கும், நெட் வருவதற்கு லேன் டிரைவர் வேண்டும். ஆகவே பென் டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரபுவின் சென்டருக்கே போனேன்.

"ஏம்ப்பா, அடிக்கிறதுக்கு முன்னாடி டிரைவரை பேக்கப் எடுத்தியா?"

"இல்ல சார். விண்டோஸ் எக்ஸ்பி தானா எடுத்துக்கும்னு நெனச்சேன்."

"கேமராவ ஒரு தடவ கையில எடுத்தாவது பாத்தியா?"

"படம் வரலன்னா சாஃப்ட்வேர்தான சார்."

நான்கு பேருக்கு நடுவில் அவனைத் திட்ட மனமில்லை. தேவையானதை இறக்கிக்கொண்டு ஓடி வந்தேன். லேன் ஏறியது, நெட் வந்தது, ஐகான்களும் பழைய அளவுக்குச் சுருங்கின. கேமராவைக் கேட்டேன்.

"அது சாமி ரூம்ல இருக்கு. பிரபு கழட்டித் தரையில வச்சுட்டுப் போயிட்டான். மனசு கேக்காம எடுத்து உள்ள வச்சேன்."

கொண்டுவந்து கையில் கொடுத்தார். பார்த்தேன். உருண்டையான அந்தக் கேமராவின் லென்ஸ் மேல், நட்டநடுவில், சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். காய்ந்து இறுகிப்போயிருந்தது.

"இது யாருண்ணே வச்சது?"

"ஆயுத பூஜைக்கு நான்தான் சார். லாரிக்கு வச்சேன், ஜாக்கிக்கு வச்சேன், இதுக்கும் வச்சேன். நெத்தியாட்டம் இருந்துச்சா, நடுவுல வச்சேன்."

"பூஜைக்கு முன்னாடி அவனுக்கு அம்மா தெரிஞ்சாங்களா?"

"ஜம்முனு தெரிஞ்சா. அதுக்கப்பறம்தான் செவப்பா, இருட்டா..." என்றவர் கேமராவை மறுபடி உற்றுப் பார்த்தார்.

ஈரத்துணியால் ஒரு துடைப்பு. அவ்வளவுதான் போன வாரமே செய்ய வேண்டியிருந்த வேலை. அதற்குப் பதில் ஒரு ஃபார்மட், ஒரு வாரம், ஒரு தாயின் பட்டினி. நான் கத்தினேன். தங்கராசு அண்ணனிடம்தான் கத்தினேன், பிரபுவுக்கும் சேர்த்து.

லென்ஸ் சுத்தமாகிவிட்டது. ஆனால் ஃபார்மட்டில் கேமராவின் டிரைவரும் போய்விட்டதே. செருகினால் விண்டோஸ் கேமரா சிடியைக் கேட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் லாரி வந்து நின்றது. நானே இறங்கி ஓடினேன்.

"எங்கண்ணே சிடி?"

அவர் லாரிக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். இடது ஓரத்தில் மதர்போர்டு சிடி, வலது ஓரத்தில் கேமரா சிடி. இரண்டிலும் துளை போட்டு, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"பின்னாடி வர்றவன் லைட்டு பட்டா பளிச்சுன்னு தெரியும் சார். ஒத்தையா கட்டுனா நல்லாருக்காதுன்னு ரெண்டையும் கட்டிட்டேன்."

துளை போட்ட சிடி இனி எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடாது. கேமராவில் கம்பெனி பெயர்கூட இல்லை. டிவைஸ் மேனேஜரில் அதன் ஐடி நம்பரைப் பார்த்து, அதை வைத்துத் தேட உட்கார்ந்தேன். பாதி சைட் திறக்கவில்லை, ஒன்று வைரஸைக் கொடுக்கப் பார்த்தது. கடைசியில் எழுத்தே புரியாத ஒரு சீன சைட்டில் அது கிடைத்தது. இறங்க ஆரம்பித்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. சுரேஷ் போனில் இருந்தான். "சீக்கிரம் சார், பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க," என்று கெஞ்சினான். அஞ்சலை அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. இன்ஸ்டால் பட்டையைப் பார்த்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டிரைவருக்காகச் சாமியை வேண்டினேன்.

கேமராவில் விளக்கு எரிந்தது. வீடியோ சாட்டைத் திறந்தேன், சுரேஷின் முகம் வந்தது. "அம்மா தெரியுறாங்க!" என்று அவன் கத்தியது போனில் எங்களுக்குக் கேட்டது. அக்காவுக்குக் கேட்கவில்லை. மகன் சிரிப்பதைப் பார்த்தும் அவர் முகம் இளகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவுக்கு நேராகக் கையை நீட்டி இரண்டு விரலைக் காட்டினார்.

அங்கே அவன் திகைத்தான். பிறகு இரண்டு விரலைக் காட்டினான்.

அவர் நான்கு காட்டினார். அவனும் நான்கு காட்டினான். ஒன்று காட்டினார், ஐந்து காட்டினார், கையை மடக்கினார். அவனும் மடக்கினான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவனையே வேடிக்கை பார்த்தார்கள். அவன் யாரையும் சட்டை செய்யவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மா காட்டிய எல்லா விரலுக்கும் பதில் காட்டினான்.

"கண்ணு தெரியுதான்னு பாக்குறா சார்," என்று சொல்லிவிட்டுத் தங்கராசு அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும், என்ன கோளாறு என்று நான் முதலில் கேட்பதில்லை. இதை யார் பயன்படுத்துகிறார்கள், எதற்கு என்று கேட்கிறேன். பிறகு எல்லாவற்றையும் கையில் எடுத்து, திருப்பி, கண்ணால் பார்க்கிறேன். அதற்கப்புறம்தான் மவுஸைத் தொடுகிறேன். ஆத்திரம் இன்றும் வருகிறது, அது என் சுபாவம். ஆனால் ஃபார்மட் அடிக்கக் கை போகும்போதெல்லாம், கேமராவுக்கு முன் நீட்டிய அந்த இரண்டு விரல் கண்ணில் நிற்கும். கையை எடுத்துவிடுவேன்.