பாரமான இங்கிலீசில் ஒரு மனு

ஆங்கில அகராதியை மனப்பாடம் செய்த திமிரில், 1950களில் இலங்கையின் கல்முனையில் மனு எழுதிக்கொடுத்தேன்.

புருஷன் மௌத்தாகி விதவையான கதீஜா ராத்தாவுக்கு மாவடிப்பள்ளி வயல் ஒன்றுதான் மிச்சம். வாய்க்கால் வெட்ட அதை எடுக்கப்போவதாகவும், ஆட்சேபணை இருந்தால் தவணைக்குள் எழுதும்படியும் அரசாங்கக் கடிதம் வந்திருந்தது.

“தம்பி, நல்ல பாரமான இங்கிலீசாப் போடுங்க” என்றார்.

படித்த மரபுத்தொடர்களை எல்லாம் இரண்டு பக்கம் கொட்டினேன். அவர் பெருவிரல் ஒற்றினார்.

பதில் வரவில்லை. கடிதம் அனுப்பிய கந்தோருக்குப் போனோம்; ராத்தா வாசலில் நின்றுகொண்டார். அதிகாரி மனுவை என்னிடம் நீட்டினார்.

“இந்த மனிசிக்கு என்ன வேணும் எண்டு இதில எங்க எழுதியிருக்கு? தவணையும் நேத்தோட முடிஞ்சிது.”

தேடினேன். வயலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வெளியே வந்து, தவணை முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். ராத்தா கேட்டார்: “எழுத்து வடிவாத்தானே இருந்திச்சு, தம்பி? என்ட நசீபு, தலைவிதிதான் சரியில்ல.”

“ஓம், ராத்தா” என்றேன்.

குற்றம் என்னுடையது என்று சொல்ல எனக்குத் தமிழ்கூட வரவில்லை.