நாற்பத்தோராவது வசவு

மலேசியாவில், கோலா சிலாங்கூர் கடலோரத் தோட்டத்து ஆபீசில் ரேடியோ செட்டைக் கவனித்துக்கொண்டிருந்த லீலாவதிக்கு வாய் நீளம். வாய் மட்டும் நீளமாக இருந்திருந்தால் என்றைக்கோ வெளிக்காட்டு வேலைக்குத் துரத்தியிருப்பார்கள். மூளையும் இருந்தது. ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி உமாபதியின் கண்ணை உறுத்தியது அதுதான்.

தோட்டத்துக்கு மூன்று கடல் மதகுகள். கடல் வற்றும்போது திறக்க வேண்டும், ஏறும்போது மூட வேண்டும். தவறினால் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து கொக்கோக் கன்றுகளைக் கருக்கிவிடும். முன்பெல்லாம் துரையின் கையெழுத்தும் முத்திரையும் வைத்த சீட்டு சைக்கிளில் போகும். அது போய்ச் சேர்வதற்குள் கடல் தன் காரியத்தை முடித்திருக்கும். எண்பத்து மூன்றில் ரேடியோ வந்தது. வந்த மாதமே எவனோ ஒருவன் குறுக்கே புகுந்து, துரை பேசுவதாகச் சொல்லி மதகைத் திறக்கச் சொன்னான்.

"மூணு மதகுக்கும் ஒரே ரகசியச் சொல்லு வச்சிட்டா போதும்லா," என்றார் உமாபதி.

"ஒருத்தன் உளறுனா மூணும் போச்சு, கிராணி," என்றாள் லீலாவதி, துரையின் முன்னாலேயே.

அவள் மதகு ஒன்றுக்கு இரண்டு நோட்டுப் புத்தகம் போட்டாள். இரண்டிலும் ஒரே நூறு சொற்கள், ஒரே வரிசையில். ஒன்று ஆபீஸ் மேசையில், மற்றது மதகுக்காரனிடம். உத்தரவோடு அடுத்த சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னதும் இருவரும் அதைக் கோடு போட்டு அடித்துவிட வேண்டும். நூறும் தீர்ந்தால் புதிதாக ஒரு ஜோடி. பேசுவது யார் குரலானாலும் சரி, சொல் சரியாக இருந்தால்தான் மதகு அசையும். துரை தலையாட்டினார். உமாபதி அந்த அவமானத்தை மறக்கவில்லை.

முதல் மதகுக்கு மீன் பெயர்கள், இரண்டாவதுக்குப் பூப் பெயர்கள். மூன்றாவது மதகில் இருந்தவன் சோமு, செத்துப்போன அவள் புருஷனின் தம்பி. சாவு வீட்டில் ஊரே கேட்க, "எங்கண்ணன முழுங்கிட்டா," என்று சொன்ன புண்ணியவான். அன்றோடு பேச்சு நின்றது. அவன் புத்தகத்தில் அவள் நூறு வசவுகளை எழுதினாள்.

"மூணாம் மதகு, மூடு. சொல்லு: கழுதை."

சோமு புத்தகத்தைப் பார்த்து, "சரி," என்று சொல்லியே ஆக வேண்டும். இரண்டு வருடம் அவள் அதை ஆசை தீர அனுபவித்தாள்.

எண்பத்தைந்தில் ஒரு புதன்கிழமை, பல் பிடுங்க லீவு போட்டுவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அன்று மத்தியானம் ஏறுகிற கடலுக்கு மூன்றாம் மதகு திறந்தது. பன்னிரண்டு ஏக்கர் கொக்கோக் கன்று உப்பில் நின்றது.

மறுநாள் துரை அறையில் விசாரணை.

"ஆம்பளக் குரலு, தொரை. சொல்லு வரிசையில கொஞ்சம் முன்ன பின்ன வந்துச்சு. கேட்டேன், தொரை ஆர்டருன்னு கத்துனாங்க," என்றான் சோமு.

உமாபதி ஆபீஸ் புத்தகத்தை விரித்தார். நாற்பது வரி அடித்திருந்தது, நாற்பத்தொன்று அடிக்கவில்லை. "ஆபீசுல நான் ஒருத்தன்தான் இருந்தேன். செட்டத் தொடவே இல்ல. இவன் கையிலயும் அதே புத்தகம் இருக்குல்ல, தொரை? தூக்கக் கலக்கத்துல தானே தொறந்துட்டு, ஒரு சொல்லையும் அடிச்சிக்கிட்டு வந்து நிக்கிறான்."

லீலாவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையெழுத்துப் போட்ட சீட்டு என்றால் எழுதியவனைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் இருவருக்கும் பொதுவான ரகசியத்தைச் சொன்னது இவனா அவனா என்று மூன்றாம் ஆளுக்கு எப்படி நிரூபிப்பது? அவள் அதை யோசித்ததே இல்லை.

"சோமுதான்னா இன்னிக்கே வேலையும் போச்சு, தோட்டம் குடுத்த லயத்து வீடும் போச்சு," என்றார் துரை. "நீ சொல்லு, லீலாவதி."

ஆமாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஒரே ஒரு சொல், இவன் பெண்டாட்டி பிள்ளையோடு தெருவில் நிற்பான். சோமுவின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். நாற்பத்தொன்றில் 'தண்டச்சோறு', அடிக்காமல் இருந்தது. நாற்பத்திரண்டில் 'மரமண்டை', அடித்திருந்தது. ஆபீஸ் புத்தகத்தில் நாற்பத்தொன்று 'மரமண்டை'.

கோபத்தில் நகல் எடுத்தபோது இரண்டு வரிகளை மாற்றி எழுதியிருக்கிறாள். இதைச் சொன்னால் அவள் நாற்காலி போய்விடும். உமாபதி இரண்டு வருடமாகக் காத்திருப்பது இப்படி ஒரு பிழைக்குத்தான்.

"தப்பு எம்மேல, தொரை. வரிய மாத்தி எழுதிட்டேன்," என்று இரண்டு புத்தகத்தையும் அவர் முன் வைத்தாள். "இவன் சொந்தமா அடிச்சிருந்தா, இவன் புத்தகத்துல அடுத்து இருக்கிற தண்டச்சோற அடிச்சிருப்பான். மரமண்டை அடுத்ததா இருக்கிறது ஆபீஸ் புத்தகத்துலதான். அதப் பாத்தவங்கதான் அதச் சொல்லியிருக்க முடியும்."

துரை உமாபதியைப் பார்த்தார். கிராணிக்கு வியர்த்துக் கொட்டியது.

"அரை மணி நேரந்தான் தொரை... எம் மச்சான் வாய்க்கால்ல வல கட்டியிருந்தான்... மதகத் தொறந்தா எறா உள்ள வரும்னு..."

உமாபதியை அந்த வாரமே வேலையிலிருந்து தூக்கினார்கள். பிழையாக எழுதியதற்கு லீலாவதியின் ரேடியோ நாற்காலியும் போனது. எண்ணெய்ப் பனைக் குலைக்கு நிறை போடும் கொட்டகையில் வெக்கையோடு நின்றாள்.

ஒரு வாரம் கழித்து அந்த வழியாகச் சைக்கிளில் வந்தான் சோமு. நன்றி சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"ரெண்டு வரி ஒழுங்கா எழுதத் தெரியல. இவல்லாம் ஆபீசுல குந்தியிருந்தாளாம்," என்றான்.

லீலாவதி தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒழுங்கா எழுதியிருந்தா நீ இன்னிக்கு நடுத்தெருவுலடா, மரமண்டை."