பிஸ்கட் பேணியின் இரைச்சல்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டில் கொஞ்சம் சத்தமாகக் கிற்றார் வாசித்தாலே பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். அதனால் சின்னதாக ஓர் அம்ப்ளிஃபயரை நானே வடிவமைத்து, வெறும் தகர பிஸ்கட் பேணி ஒன்றுக்குள் பொருத்தினேன். பிளக்கைச் செருகியதும், வாசிக்காமலே அது இரைந்தது. கிற்றார் கம்பியைத் தொட்டால் விரலில் சுள்ளென்றது.

வயர்களை மாற்றி மாற்றிப் பற்றவைத்தும் இரைச்சல் போகவில்லை. கடைசியில் பேணியைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கே பிளக்கைச் செருகியபோது அது துளியும் இரையவில்லை.

“மச்சான், பிழை இதில இல்லை. உன்ர வீட்டு எர்த்தைப் பார்,” என்றான் அவன்.

வீட்டுக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். கசியும் கரண்டை நிலத்துக்கு இறக்க வேண்டிய எர்த் வயர் மெயின் பெட்டியில் கழன்று தொங்கியது. வொஷிங் மெஷினில் கசிந்த கரண்ட்தான் நிலத்துக்கு இறங்க வழியின்றி, வீட்டு எர்த் வயர்கள் வழியே என் பேணி வரைக்கும் வந்திருக்கிறது.

அந்த மெஷின் ஷொக் அடிக்கிறது என்று மனைவி மாதக்கணக்கில் சொல்லிவந்தாள். “செருப்பைப் போட்டுக்கொண்டு உடுப்பைத் தோயும்,” என்பதுதான் ஒவ்வொரு முறையும் என் பதில்.

வயரைப் பூட்டிய பிறகு அவள் மெஷினில் கைவைத்துப் பார்த்தாள்.

“பேணி இரைஞ்ச உடனே கொட்டாஞ்சேனை வரைக்கும் கொண்டு ஓடினீங்கள். எனக்குச் செருப்பு,” என்றாள். குரலை உயர்த்தவில்லை.

அவள் கையில் பட்டபோது அதை வீண்பயம் என்றிருந்தேன். என் பேணியில் பட்ட பிறகுதான் அதைக் கரண்ட் என்று நம்பினேன்.