கையெழுத்து விழாத உயில்

கிரையம், தானம், ஒத்தி எதுவானாலும் எழுதிக் கொடுத்த அன்றோடு மறந்துவிடலாம். உயில் மட்டும்தான் எழுதுகிறவரின் தூக்கத்தைக் கெடுக்கும். குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவள் நான். இதே பிழைப்பில் இருக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் மேசை டிராயரிலும் கையெழுத்து ஆகாத ஓர் உயில் இந்த நேரம் கிடக்கும். என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

ஒரே ஒரு வார்த்தை

அருமனைப் பக்கம் ரப்பர் விளை, அதாவது தோட்டம், வைத்திருப்பவர் ஞானதாஸ் அண்ணன். பிள்ளைகள் இல்லை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த பிறகு, குடியிருக்கும் வீட்டை மனைவி ஸ்டெல்லா அக்காவுக்கு உயில் எழுதி வைக்க என்னிடம் வந்தார். அந்த வீடே அக்கா குவைத்தில் நர்ஸாக இருந்து அனுப்பியதில் எழும்பியதுதான். பத்திரம் மட்டும், நம் ஊர் வழக்கப்படி, வீட்டுக்காரர் பேரில்.

எழுதியதை வாசித்துக் காட்டினேன். 'என் மரணத்துக்குப் பிறகு' என்று வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார். அது இல்லாவிட்டால் இது உயிலே ஆகாது என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மத்ததெல்லாம் நல்லா இருக்கு தங்கச்சி. அந்த ஒரு வார்த்தைய மட்டும் வெட்டிரு."

நாமினி இருக்கே

அடுத்த வாரம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். பேங்கில் ஸ்டெல்லாதான் நாமினி, அதனால் உயிலே தேவையில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோ மட்டும் என் கையில் கிடைத்தால் நல்லது. நாமினி என்பவர் பணத்தை வாங்கும் ஆள், அவரே உரிமைக்காரர் ஆகிவிட மாட்டார், வீட்டுக்கோ நாமினியே கிடையாது என்று விளக்கினேன்.

சொல்ல வேண்டிய இன்னொன்றையும் சொன்னேன். உயில் இல்லாமல் அவருக்கு ஏதாவது ஆனால், நம் கிறிஸ்தவர்களுக்கு உள்ள சட்டப்படி வீட்டில் பாதிதான் ஸ்டெல்லா அக்காவுக்கு. பிள்ளைகளும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை என்பதால் மறுபாதி அவருடைய தம்பிகள் ராஜனுக்கும் செல்வினுக்கும் போகும். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்க தம்பிமாரு என்ன, பாம்பா?"

சந்தியில் ஃபிளக்ஸ்

'மரணம்' என்ற அந்த வார்த்தையை ஒருவழியாக ஒத்துக்கொண்டார். கையெழுத்துப் போடத்தான் வரவில்லை. மழை ஒழியட்டும் என்றார். மழை ஒழிந்தது, கோயிலில் அசன விருந்து முடியட்டும் என்றார். அசனமும் முடிந்தது. உயில் என் டிராயரில் கிடந்தது. நான் தினமும் காலையில் ஸ்கூட்டரை நிறுத்தி, சந்தியில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸை எல்லாம் வாசித்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவேன். சொந்தக்காரர்கள்கூட அவ்வளவு அக்கறையாக வாசித்திருக்க மாட்டார்கள்.

ஒருநாள் 'ஞானதாஸ்' என்றே ஒரு ஃபிளக்ஸ். படத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை. ஸ்டெல்லா அக்கா பாதி வீட்டில் நிற்பதுதான் கண்ணில் வந்தது. அவர் நம்பருக்கே போன் போட்டேன். விளையில் ரப்பர் பாலை ஷீட்டாக அடித்துக்கொண்டிருந்தவர் எடுத்து, நான் உளறியதை முழுக்கக் கேட்டார்.

"நான் மரிச்சா ஒனக்கு விளிச்சுச் சொல்லாம இருப்பனா தங்கச்சி?"

சாட்சிகள்

அந்த போனுக்குப் பிறகு அவருக்கும் பயம் தட்டியிருக்க வேண்டும். மறுவாரமே அக்காவோடு ஜீப்பில் வந்து இறங்கினார். சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். பின்னாலேயே இறங்கினவர்கள் ராஜனும் செல்வினும். குடும்பக் காரியத்துக்கு வெளியாளை விளிப்பது இங்கே குறைச்சல்தான், கல்யாண ஓலை முதல் எல்லாவற்றுக்கும் தம்பிகள்தான் சாட்சி. ஆனால் எந்த உயிலால் அவர்கள் பங்கு போகிறதோ அந்த உயிலுக்கே அவர்களா? அண்ணனைத் தனியே இழுத்து, வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு பங்கு கேட்டு அவகிட்ட வரப்போறது இவனுவதானே. இண்ணைக்கே வரட்டு."

பேனா

சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வீடு முழுவதும் ஸ்டெல்லாவுக்கே என்ற வரியைத் தலை நிமிராமல் கடந்தேன். அண்ணன் கையெழுத்துப் போட்டார். அடுத்து ராஜன் போட்டார். செல்வின் பேனாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே இறங்கிப் போய்விட்டார். டீக்கடை வரை போனது தெரிந்தது, அப்புறம் ஆளைக் காணோம்.

காத்திருக்கப் பொறுக்காமல் ஸ்டெல்லா அக்கா, "நானே போட்டிடுதேன்" என்று பேனாவை எடுத்துவிட்டார். பாய்ந்து பிடுங்கினேன். நம் சட்டத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த உயிலில் எழுதிய எதுவும் கிடைக்காது என்றேன். சூடு பட்டதுபோல் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"குவைத்துல ஐசியூவுல நிண்ணப்பகூட எனக்க நெஞ்சு இப்பிடி அடிச்சதில்ல தங்கச்சி."

கடைசிக் கையெழுத்து

செல்வின் வந்தார். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. "மைனி, அது ஒங்க வீடுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, அதைக் காட்டிக்கொள்ளாமல் முத்திரை மையைத் தேடினேன். மற்றவர்கள் ஜீப்பில் ஏறிய பிறகு செல்வின் மட்டும் திரும்பி வந்து, என் ஆபீஸ் சன்னல் பக்கம் குனிந்தார்.

"நான் இதுல ஒப்பு போட்டத எனக்க வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க அக்கா."

சாவுக்குப் பயந்து கையெழுத்துப் போடாதவர்களை எனக்கு நிறையத் தெரியும். வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டே கையெழுத்துப் போட்டவரை அன்றுதான் பார்த்தேன்.