அறுக்காத தாள்களும் மூடிய வடிகாலும்

பாதி படித்த புத்தகத்தை முழுதும் படித்ததாகச் சொல்லிக்கொண்டு, பக்கத்து மனிதரின் கிணற்றை உப்பாக்கியவன் நான். இதைக் கௌரவமாகச் சொல்ல ஒரு வழி இருக்கும் என்று பல வருஷம் தேடினேன். இல்லை.

வெள்ளைக்காரர் ராஜ்யம் நடந்த காலம். பூந்தமல்லிக்கும் திருவேற்காட்டுக்கும் நடுவில் எனக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ஏரியிலிருந்து புதுக் கால்வாய் ஒன்று என் வரப்பு வரை வந்து சேர்ந்தது. உடனே மூர் மார்க்கெட்டுக்குப் போய், பாசனத்தைப் பற்றி ஓர் இங்கிலீஷ்கார இன்ஜினீயர் எழுதிய தடிப் புத்தகத்தைப் பழசாக வாங்கிவந்தேன். அதன் கடைசி அத்தியாயத்தில் தாள்கள் அச்சகத்தில் மடித்தபடியே ஒட்டிக் கிடந்தன. கத்தியால் அறுத்துத்தான் பிரிக்க வேண்டும். எனக்கு முன்னால் வைத்திருந்த புண்ணியவானும் அறுக்கவில்லை. தலைப்பை மட்டும் பார்த்தேன்: வடிகால். தண்ணீரைக் கொண்டுவருவதல்லவா வித்தை, வெளியே விடுவதற்கு என்ன படிப்பு என்று மூடிவைத்தேன்.

என் நிலத்தின் கீழ்க்கோடியிலும் ஒரு பழைய வடிகால் இருந்தது. அதையும் மண்ணைக் கொட்டி மூடி, மேலே இரண்டு வரிசை வாழை வைத்தேன். வருஷம் முழுக்க வயலில் தண்ணீர் நின்றது.

கீழண்டைத் தோட்டக்காரர் கீரை போட்டுச் சந்தையில் விற்பவர். அவருக்கு எல்லாமே அந்த ஒரு கிணறுதான். முதல் வருஷம் அதில் தண்ணீர் குனிந்து அள்ளும் அளவுக்கு ஏறியது. தண்ணீர் இறைக்கக் கவலை ஏற்றம் இழுக்கும் மாடுகள் அரைநாள் சும்மா நின்றன.

"உன் புண்ணியத்துல மாட்டுக்கு லீவு, அண்ணாத்தே" என்றார்.

புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று அடக்கமாகச் சொன்னேன்.

ஏறிய தண்ணீர் அடிமண்ணில் கிடந்த உப்பையும் கூட்டிக்கொண்டு ஏறியிருந்தது. மறுவருஷம் அவர் வீட்டில் துவரம்பருப்பு வேகவில்லை. அவர் மனைவி முதலில் பருப்பைத் திட்டினார், அப்புறம் விறகை, அப்புறம் மளிகைக்காரரை. என்னைத் திட்ட யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த கோடையில் கீரைப் பாத்தி வெள்ளையாகப் பூத்தது. ஒருநாள் காலையில் துணி வெளுப்பவர் ஒருவர் கழுதையோடு வந்து, அந்தப் பாத்தியில் உவர்மண்ணைச் சுரண்டிக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த மண்ணுக்கு நெமிலிச்சேரி வரைக்கும் போய்கினு இருந்தேன். இப்ப இங்கியே கீது" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

தோட்டக்காரர் பக்கத்தில்தான் நின்றார். கையில் கீரை விதை கட்டிய துணி முடிச்சு. அதை அவிழ்க்காமலே வீட்டுக்குத் திரும்பினார்.

நானும் வீட்டுக்குப் போய்க் கத்தியை எடுத்து அந்தத் தாள்களை அறுத்தேன். கிணற்றுத் தண்ணீர் ஏறுவது, கரிப்பது, மண் வெளுப்பது எல்லாம் நடந்த வரிசையிலேயே அதில் இருந்தன. என் வாழையை மட்டும்தான் இன்ஜினீயர் எழுதாமல் விட்டிருந்தார்.

வாழையை வெட்டிச் சாய்த்து வடிகாலைத் திரும்பத் தோண்டினேன். இரண்டு மழைக்காலம் பெய்து பாத்தியின் வெள்ளை குறைந்தது. கிணறு மட்டும் பழைய ருசிக்கு வரவில்லை. அவர் கீரையை விட்டுத் தென்னை வைத்தார். அவர் மனைவி குடிதண்ணீருக்கு ஏரிக்கரை வரை நடந்தார், என் வரப்பு வழியாக.

ஒருநாள் பொறுக்க முடியாமல் புத்தகத்தோடு போய் உண்மையைச் சொன்னேன். இந்தப் பக்கங்களை நான் படிக்கவே இல்லை, படித்திருந்தால் உன் கிணறு பிழைத்திருக்கும் என்றேன்.

அவர் அறுபட்ட தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"படிச்சிருந்தா மட்டும் இன்னா அண்ணாத்தே? ரெண்டு வரிசை வாழ வரும்னா, நீ மூடித்தான் இருப்பே."