கைப்பிடி இல்லாத படிக்கட்டு

வீட்டு ஆய்வாளர் லொரெய்ன் ஓர்மராடைப் பற்றி நகரக் கவுன்சில் அலுவலகத்தில் ஒரு கேலி உண்டு. "அவ வந்துட்டுப் போன வீட்டுல ஒரு கைப்பிடி மிஞ்சாது." பொய்யில்லை. வாடகை வீடுகளைச் சோதிக்கப் போகும் மற்றவர்கள் மாடிப்படிக் கைப்பிடியைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். லொரெய்ன் அதைப் பிடித்து முழு உடம்பையும் சாய்த்துத் தொங்குவாள். ஐம்பத்தேழு வயது, பூசினாற்போன்ற உடம்பு. பாதி வீடுகளில் கைப்பிடி காரையோடு பெயர்ந்து வந்துவிடும். கேலியைக் கேட்டு எல்லாரும் சிரிக்கும்போது அவள் மட்டும் சிரிக்க மாட்டாள்.

முன்பெல்லாம் அவள் இப்படி இல்லை. பழுதைச் சரிசெய்யச் சொல்லிச் சட்டப்படி விடும் நோட்டீஸ் என்ற பேச்சே எடுக்காமல் வீட்டுக்காரர்களிடம் நயமாகப் பேசி வேலையை முடித்துவிடுவாள் என்று பெயர் வாங்கியவள். அந்த நயம்தான் வினையாகிப் போனது.

ஹார்ட்லி தெருவில் பதினேழாம் எண் வீடு. நூற்பாலைக்காரர்களுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிப் போட்டது. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, நடுவில் ஏணியைப் போல நிமிர்ந்து நிற்கும் படிக்கட்டு. கைப்பிடி கிடையாது. குடியிருந்தவர் வில்ஃப் டாட்டர்சால், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தொன்பது வயது. அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்:

"நோட்டீஸ் கீட்டீஸெல்லாம் வேணாம் கண்ணு. வீட்டுக்காரன் கீத் ஒரு முன்கோபி. என்னைக் கிளப்பிட்டு வீட்ட வித்துருவான். இந்த வயசுல நான் எங்க போய் நிப்பேன்? ஒரு கடுதாசி போட்டு விடு, போதும்."

வீட்டில் காணும் ஒவ்வொரு ஆபத்துக்கும் ஆய்வாளர் மதிப்பெண் போட வேண்டும். ஒரு கோட்டைத் தாண்டினால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். தாண்டாவிட்டால் அது ஆய்வாளர் விருப்பம். அந்தப் படிக்கட்டு கோட்டைத் தாண்டியது என்று பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரியும். இருந்தும் கோட்டுக்குக் கீழே வரும்படி குறைத்துப் போட்டாள். கீத் ப்ரோக்டருக்கு இருபத்தெட்டு நாள் கெடு வைத்து மரியாதையாக ஒரு கடிதம் போனது. பத்தொன்பதாம் நாள் துவைக்க வேண்டிய துணியை அள்ளிக்கொண்டு இறங்கிய வில்ஃப், முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை வந்து விழுந்தார். கதவில் கடிதம் போடும் துவாரம் வழியாகத் தபால்காரர்தான் பார்த்தது.

மரண விசாரணையில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் தேறியிருப்பாள். வில்ஃபின் மகள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட ரொம்ப அன்பா நடந்துக்கிட்டீங்களாமே, நன்றி" என்றாள்.

அதன்பிறகு எந்தப் படியில் ஏறினாலும் அவள் கண்ணுக்கு மேலே ஒருவர் நிற்பார், அள்ளிய துணியோடு. பட்டப்பகலில், கடையின் நகரும் படியில்கூட. அவள் வழி விடட்டும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார்.

மூன்று வருடம் கழித்து அதே பதினேழாம் எண்ணிலிருந்து, படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை என்று புகார் வந்தது. வேறு ஆளை அனுப்பட்டுமா என்று மேலாளர் கேட்டார். வேண்டாம் என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

சோதனைக்கு முன்னால் வீட்டுக்காரருக்கு ஒரு நாள் அவகாசம் தர வேண்டும் என்பது சட்டம். இருபது வருடம் பெயிண்டைக் கண்ணால் காணாத சுவர்கள் அந்த ஒரு நாளில் கண்டுவிடும். பதினேழாம் எண்ணில் புதுப் பெயிண்ட் நெடி மூக்கைத் துளைத்தது. படிக்கட்டில் பளபளவென்று ஒரு மரக் கைப்பிடி. இப்போது குடியிருப்பவள் ஜெம்மா, முதியோர் இல்லத்தில் வேலை, நான்கு வயதில் இரட்டைப் பெண்கள்.

"நேத்து சாயங்காலம்தான் கீத் வந்து மாட்டிட்டுப் போனாரு" என்றாள் ஜெம்மா. "எல்லாம் சரியாயிருச்சு. உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்."

லொரெய்ன் மூன்று படி ஏறினாள். மேலே அவர் நின்றார். கொஞ்சம் பொறுங்க வில்ஃப், என்று மனசுக்குள் சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துச் சாய்ந்தாள். அது கையோடு வந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டே திருகாணிகள். மேலே இருந்த இரட்டைக் குழந்தைகள் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். அம்மா அப்படித்தான் பழக்கியிருந்தாள்.

ஜெம்மாவின் முகம் வெளுத்தது. "கீத்துக்கு ஒரு கடுதாசி மட்டும் போடுங்களேன். நோட்டீஸ்னு போனா எங்கள வெளிய அனுப்பிருவாரு."

லொரெய்ன் கையோடு வந்த கைப்பிடியைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள்.

"கடுதாசிதான் உங்களக் காப்பாத்தாது ஜெம்மா. நோட்டீஸ் போட்டா ஆறு மாசத்துக்குக் காரணம் சொல்லாம உங்களக் காலி பண்ணச் சொல்ல முடியாது. கடுதாசிக்கு அந்தக் காவல் கிடையாது."

"ஆறு மாசம் கழிச்சு?"

"தெரியல."

"நீங்க உங்க வீட்டுக்குப் போயிருவீங்க. கவுன்சில் குடுக்கிற ஒத்த ரூம்ல ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு நிக்கப் போறது நான்."

அப்படி ஒற்றை அறைகளில் கிடக்கும் குடும்பங்களை லொரெய்ன் பார்த்திருக்கிறாள். பயமாக இருந்தது. எழுதினாலும் பயம், எழுதாவிட்டாலும் பயம். பேனாவை எடுத்து, மூன்று வருடத்துக்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய மதிப்பெண்ணைப் போட்டாள். கோட்டுக்கு மேலே.

ஜெம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பக்கத்து வீட்டுல சொன்னாங்க, முன்னாடி இங்க இருந்தவரு இந்தப் படியிலதான் விழுந்து செத்தாராம். அவரும் நோட்டீஸ் வேணாம்னுதான் கெஞ்சினாரா?"

"ஆமா. அப்பவும் நான்தான் வந்தேன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னு சொன்னேன்."

ஜெம்மா படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களையும் ஒவ்வொருத்தியாகத் தூக்கித் தரையில் இறக்கிவிட்டாள்.