கிழிக்காமல் வைத்த சீட்டு

என் வேதாகமத்தின் ஜிப் உறைக்குள், பின் அட்டையை ஒட்டியிருக்கும் சின்னப் பையில், ஆறு வருடமாக ஒரு லேபிள் கிடந்தது. காயத்துக்குச் சுற்றும் காஸ் பேண்டேஜ் ரோல் அடுக்கும் பெட்டியின்மேல் ஒட்டுகிற லேபிள். அளவு தப்பாக அச்சானதால் ஒதுக்கப்பட்டது. அதன் பின்பக்க மஞ்சள் தாளில் நீல மையில் மூன்று வரி எழுதியிருக்கும். உறையைத் திறக்கும்போதெல்லாம் ஜிப் அதன் ஓரத்தைக் கடிக்கும். விரலால் உள்ளே தள்ளிவிட்டு அன்றைய வசனத்தைத் தேட ஆரம்பித்துவிடுவேன். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு, தினமும் காலை ஐந்தரை மணிக்கு இணையத்தில் ஒரு சிறு தியானக் குறிப்பு போடுகிறவள். வாசிக்கிறவர்கள் என்னை சிஸ்டர் என்று அழைப்பார்கள். ஐந்தரை தாண்டினால் எங்கே காணோம் என்று கேட்பார்கள். ஆகவே வசனம் தேடுவதும்கூட எனக்கு ஒரு வேலைதான். அந்த வேலையின் நடுவே இந்தச் சீட்டு ஓர் இடைஞ்சல்.

சீட்டை எழுதியவர் ஓர் அக்கா. அப்போது நான் ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு பேண்டேஜ் கம்பெனி ஆபீசில் டைப் அடிக்கிற, போன் எடுக்கிற வேலையில் இருந்தேன். அவர் பேக்கிங் பகுதிக்குப் பொறுப்பு. மம்சாபுரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் பேக்கிங் அக்காதான். அட்டைப்பெட்டிகளில் கறுப்பு மார்க்கரால் எண் எழுதுவது அவர் வைத்திருந்த உரிமை, வேறு யாரையும் தொடவிட மாட்டார். ஏழு எழுதினால் அதன் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். என்றைக்கோ ஒன்றாம் எண் பெட்டியை ஏழு என்று வாசித்து யாரோ வேறு ஊருக்கு ஏற்றிவிட்டதிலிருந்து அந்தக் கோடு.

வெள்ளிக்கிழமைகளில் சாப்பாட்டு நேரத்தின் கடைசிப் பத்து நிமிடம் பேக்கிங் அறையில் ஜெபம் நடக்கும். நடத்துகிறவர் அக்கா. வருகிறவர்களில் பாதிப் பேர் சர்ச்சுக்குப் போகாதவர்கள். "எந்தச் சாமியா இருந்தா என்ன, கேட்டா கொறஞ்சா போகும்" என்று நெற்றியில் குங்குமத்தோடு வந்து உட்காருவார்கள். வீணான லேபிள்களின் பின்பக்கத்தில் அவரவர் ஜெபக்குறிப்பைப் பெயர் போடாமல் எழுதி ஒரு காலிப் பெட்டியில் போட வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். எடுத்ததை ஒரு வாரம் வைத்திருந்து அதற்காக ஜெபித்து, அடுத்த வெள்ளி கிழித்துப் போட்டுவிட வேண்டும். அக்கா அதில் கறார். "ஜெபிக்காமக் கிழிக்கக் கூடாது. ஜெபிச்ச பொறவு வச்சிருக்கவும் கூடாது" என்று வாராவாரம் சொல்லுவார்.

ஜெபம் தொடங்குமுன் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, அதன்பின் கண்ணை மூடுவார். "கண்ண மூடப்போறவுகளுக்குக் கண்ணாடி எதுக்குத் தொடைக்கணும்?" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே துடைப்பார்.

என் எழுத்தின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். இணையப் பக்கம் தொடங்கிய புதிதில் நான் எழுதியதெல்லாம் கிருபையின் ஊற்று, மகிமையின் நதி என்று பிரசங்க மேடையிலிருந்து இறங்காத தமிழ். சொந்தக்காரர்களும் சபையாரும் கைகூப்பும் படம் போட்டு ஆமென் என்பார்கள். ஒருமுறை முந்தின வாரப் பதிவையே தவறுதலாக மறுபடியும் போட்டுவிட்டேன். அதே ஆட்கள் அதே ஆமெனைப் போட்டார்கள். யாரும் வாசிக்கவில்லை என்று அன்றுதான் புரிந்தது. எனக்கு அழுகையே வந்தது.

அப்புறம் ஒரு வெள்ளி எனக்குக் கிடைத்த சீட்டில் காணாமல் போன ஆட்டுக்காக ஜெபிக்கச் சொல்லியிருந்தது. ஆடு, அந்தச் சீட்டை எழுதியவளின் பக்கத்து வீட்டுக் கட்டிலடியிலேயே படுத்திருந்தது என்று மறுவாரம் தெரிந்தது. அதை அப்படியே நாலு பத்தி எழுதிப் போட்டேன். முகம் தெரியாத ஆட்கள் எங்கிருந்தெல்லாமோ எழுதினார்கள். ஒருவர் தன் ஆட்டின் படத்தையே அனுப்பியிருந்தார். வாசகருக்கு ஊற்றும் நதியும் வேண்டாம், ஆடு வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். ஆட்டுக்காரி சுந்தரபாண்டியத்துப் பெண். அவளுக்கும் ஏகப் பெருமை. "என் ஆட்டப் போயி எம்புட்டுப் பேரு படிச்சிருக்காக!" என்று அறை முழுக்கப் போனைக் காட்டினாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமைச் சீட்டு எனக்கு ஜெபக்குறிப்பாகவும் இருந்தது, கதைக்கான குறிப்பாகவும் இருந்தது. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். எழுத்து நன்றாகத் தேறியது. வந்தவர்கள் தங்கினார்கள், தங்கியவர்கள் வேறு ஆட்களை அழைத்து வந்தார்கள். இது கர்த்தருக்குச் செய்கிற ஊழியம்தானே என்று நான் என்னையே கேட்டுக்கொண்டு, ஆமாம் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

அந்த வெள்ளி எனக்கு வந்த சீட்டில் இப்படி இருந்தது: 7 மாசமா ஜெபம் வரல. உதடு மட்டும் அசையுது. யார்ட்டயும் சொல்ல முடியல.

ஏழின் குறுக்கே கோடு இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏழு மாதம் என்றால் எத்தனை வெள்ளி இந்த மனுஷி உள்ளே ஒன்றுமில்லாமல் எங்களுக்காக உதட்டை அசைத்திருப்பார் என்று நினைத்தேன். பாவம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சாயங்காலம் பஸ் ராஜபாளையத்தை விட்டு வெளியே வருவதற்குள் எனக்கு முதல் வரி வந்துவிட்டது. கண்ணை மூடப்போகிற அவர், முதலில் கண்ணாடியைத் துடைப்பார். நல்ல வரி. அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

கம்பெனியைப் பள்ளிக்கூடமாக்கினேன், அக்காவை ஆசிரியையாக்கினேன். அவ்வளவு போதும் என்று நினைத்தேன். கடைசியில் அப்படியே தொங்கவிட மனமில்லாமல், ஒரு விடியற்காலை அந்த ஆசிரியை தேம்பி அழுது ஜெபித்தார் என்று முடித்தேன். காலையில் போட்டேன். நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் வாசித்ததும் பகிர்ந்ததும் அதுதான். ஊழியக்காரர்கள் சிலரே தங்களுக்கும் இப்படித்தான் என்று தனியாக எழுதினார்கள். நாலு நாள் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த வெள்ளி பேக்கிங் அறைக்குப் போனேன். எல்லோரும் வந்திருந்தார்கள், வழக்கத்தைவிட ஒன்றிரண்டு பேர் கூடுதலாகவே. பெட்டியில் ஒரு சீட்டுகூட இல்லை. அக்கா பெட்டியைக் குனிந்து பார்த்தார். பழக்க தோஷத்தில் கண்ணாடியைக் கழற்றினார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. துடைத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லோருமே கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். எல்லோரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமென் சொல்ல ஆளில்லாமல் போகவே அவர் கண்ணைத் திறந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "இனிமே வேற யாராச்சும் நடத்துங்க தாயி" என்று சொல்லிவிட்டு எழுந்து டேப் ஒட்டப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது, "அக்கா, பேரு போடல, ஊரு போடல" என்பதுதான்.

"பேரு எதுக்கு? கண்ணாடியப் போட்டுட்டியே" என்றார். பெட்டி ஒன்றை ஒட்டி முடித்துத் தள்ளிவிட்டு அடுத்ததை இழுத்தார். "கடைசில நான் அழுது ஜெபிச்சேன்னு எழுதிருக்க. அது எப்பட்டி நடந்துச்சு? எனக்குத் தெரியலியே."

அக்கா அந்தப் பெட்டியின் வாயை மடித்து டேப்பை இழுத்தார்.

"என்னைக்காவது ஒரு நாளு நானே எந்திச்சு நின்னு சொல்லணும்னுதான் இருந்தேன். தைரியம் வரட்டும்னு இருந்தேன். நான் சொல்லிருந்தா அது சாட்சி. நீ சொன்னா கோளு. இனிமே சொல்ல என்கிட்ட என்னட்டி இருக்கு?"

சபையில் வளர்ந்தவர்களுக்குச் சாட்சி என்றால் என்னவென்று தெரியும். தன் வாழ்க்கையில் நடந்ததைத் தானே எழுந்து நின்று, தன் வாயால் சபைக்குச் சொல்வது. அதை இன்னொருவருக்காக யாரும் சொல்ல முடியாது. பதினைந்து வயதிலிருந்து சாட்சி சொல்லி வளர்ந்த எனக்கு அது தெரியாமல் இல்லை. எடுத்தது சீட்டு மட்டுமில்லை என்பது அங்கே, டேப் கிழியும் சத்தத்துக்கு நடுவில்தான் உறைத்தது.

உடனே போய்ப் பதிவை நீக்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நீக்கவில்லை. பக்கத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், இன்னும் இரண்டு நாள், இன்னும் இரண்டு நாள் என்று ஒரு வாரம் இழுத்தேன். நீக்கியபோது பிரயோசனம் இல்லை. யாரோ அதை எடுத்து, மேலே மேகப் படமும் கீழே விளக்குப் படமும் வைத்து, என் பெயரைக்கூட எடுத்துவிட்டு, குரூப் குரூப்பாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் பெயரை எடுத்தது அநியாயம் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பேக்கிங் அறை ஜெபம் அதோடு நின்றது. சீட்டுப் பெட்டியில் டேப் ரோல்களைப் போட்டு வைத்தார்கள். அக்கா என்னோடு சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை. லோடு வந்துச்சா, ஆபீஸ்ல சார் இருக்காகளா என்று வேலை விஷயம் பேசுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மறுவருடம் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை கிடைத்தது. விடைபெறப் போனபோது, "நல்லா இரு" என்றார்.

போன மாதம் ஒரு வேலையாக ராஜபாளையம் போய்த் திரும்பும்போது, பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவர் அக்கா. தலை நன்றாக நரைத்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு அவரே சொன்னார், நான் எழுதியது அவருக்கே வந்ததாம். கூமாப்பட்டியில் இருக்கும் தங்கச்சி போன வருடம் அனுப்பியிருக்கிறாள், விளக்குப் படத்தோடு. "இதப் படிச்சுப் பாருக்கா, ஒனக்குன்னே எழுதுனாப்ல இருக்கு, ஆறுதலா இருக்கும்னு குரல்ல வேற சொல்லி அனுப்பிருக்கா." அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அந்தச் சீட்டக் கிழிச்சிட்டியா?"

"இல்லக்கா."

"ஏன்?"

ஆறு வருடமாக என்னை யாரும் கேட்காத கேள்வி. நானும் என்னைக் கேட்டதில்லை. கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் ஒரு பதிலைத் திரட்டப் பார்த்தேன், பொய் எதுவும் அமையவில்லை. "ஜெபிக்கலக்கா" என்றேன். "அன்னைக்கி எழுதத்தான் செஞ்சேன். ஜெபிக்கல. பொறவும் ஜெபிக்கல."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அது வேறு பார்வை. கோபம் அதில் இல்லை. "தெனம் காலையில அம்புட்டுப் பேருக்கு எழுதுறியே, உனக்கு ஜெபம் வருதாட்டி?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். எழுத்துத் தேறிய இந்த வருடங்களில், வசனத்தைத் திறந்தால் பதிவாகத்தான் தெரிகிறது, கண்ணை மூடினால் முதல் வரி வருகிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"உங்களுக்கு, அக்கா?"

"மம்சாபுரம் மினிபஸ் மாதிரி. வரும். எப்பன்னு கேக்கப்படாது."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். வெட்கத்தோடுதான் கேட்டேன். பழக்கம் விடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "எழுது. உன் சாட்சியா எழுது. எனக்கு முடிவு மட்டும் எழுதாத" என்று சொல்லிவிட்டு டாக்டர் வீட்டுப் பக்கம் நடந்தார்.

அவருக்கு நான் முடிவு எழுதவில்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். மறுநாள் காலை உறையைத் திறந்து சீட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். கண்ணை மூடினேன். முதலில் வந்தவை எல்லாம் நான் எப்போதோ பக்கத்தில் போட்ட வாக்கியங்கள். ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டு, ஒன்றும் இல்லாமல் நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அக்காவுக்கு ஜெபம் வரட்டும், எனக்கும் வரட்டும் என்று இரண்டே வாக்கியம், சத்தமாகச் சொன்னேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது மணி ஆறைத் தாண்டியிருந்தது.

சீட்டைக் கிழித்தேன். ஆறு வருடமாகியும் லேபிளின் பசை காயவில்லை. துண்டுகள் விரலோடு ஒட்டிக்கொண்டன. போன் அதிர்ந்தது. யாரோ ஒரு வாசகர், "சிஸ்டர், இன்னைக்கு வரலியா?" என்று கேட்டிருந்தார். பதில் அடிக்கப் போனேன். கட்டைவிரலில் குறுக்குக் கோடு போட்ட ஏழு ஒட்டிக்கொண்டிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதை மெல்ல உரித்தேன்.